வேண்டாம் என்றவளுக்குக் கொடுத்த மாத்திரை

என் மருமகள் வேண்டாம் என்று சொன்ன மாத்திரையை அவள் விழுங்கும்படி செய்தவன் நான். ஏன் வேண்டாம் என்றாள் என்பதும் எனக்குத் தெரியும். பிறகு அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, இதை யார் கொடுத்தது என்று டாக்டர் கேட்டார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். பதில் சொல்லவில்லை.

இதை எழுத உட்கார்ந்தால் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள். என் அப்பா அரசு உத்தியோகத்தில் இருந்தார். நானும் மாநில நீர்ப்பாசனத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றேன். வீடு ஆஸ்டின் டவுனில். பகலெல்லாம் கன்னடத்தில் கோப்பு எழுதிவிட்டு வந்து தமிழில் திதி கொடுக்கும் குடும்பம். விசேஷங்களுக்கு ஒரு குறையும் இருக்காது. விசேஷத்துக்கு நாள் குறிக்கும் முன் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுப் பெண்களில் யாருக்கு எந்த வாரம் மாதவிலக்கு வரும் என்று என் மனைவி என்னிடம் சொல்லிவிடுவாள். "தூரம்" என்றுதான் சொல்வோம். அந்த வாரத்தைத் தவிர்த்து ஐயரிடம் முகூர்த்தம் கேட்பேன். தவிர்க்க முடியாவிட்டால் மாத்திரை. தெருமுனை மெடிக்கலில் போய் நின்றால் போதும், "ஃபங்ஷனா சார்?" என்று கேட்டுவிட்டுக் கடைக்காரரே ஒரு அட்டையை எடுத்து நீட்டுவார். டாக்டர் சீட்டு கேட்டதில்லை. அது பெண்களின் உடம்பில் என்ன செய்யும் என்று நானும் கேட்டதில்லை. அணைக்கட்டில் மதகை இறக்கித் தண்ணீரை நிறுத்துவது போல ஒரு காரியம் என்று நினைத்திருந்தேன். என் மனைவி அதைப் பல வருஷம் போட்டிருக்கிறாள். என் தங்கைகள் போட்டிருக்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வீட்டு விசேஷம் எதுவும் தூரத்தால் தடைப்பட்டதில்லை என்று உறவினர்களிடம் நான் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

மருமகள் விருத்தாசலம் பக்கத்துப் பெண். வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவள். என் ஒரே மகனுக்கு அலுவலகத்தில் பழக்கமாகி, இரண்டு வீட்டுச் சம்மதத்தோடு கல்யாணம் நடந்தது. குழந்தையைச் சில வருஷம் கழித்துப் பெற்றுக்கொள்ளலாம் என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். முதலில் அவள் கருத்தடை மாத்திரை சாப்பிட்டு வந்தாள். அப்போது ஒரு கால் மட்டும் வீங்கியது. டாக்டரிடம் போனாள். அவர், உன் குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது உண்டா என்று கேட்டிருக்கிறார். அவளுடைய அம்மாவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு அப்படி ஆகியிருக்கிறது. இனிமேல் ஹார்மோன் மாத்திரை எதுவும் கூடாது என்று சொல்லி, காப்பர் டி வைத்து அனுப்பிவிட்டார்.

இதை அவள் சாப்பாட்டு மேசையில், இட்லிக்குச் சட்னி போட்டுக்கொண்டே என் மனைவியிடம் சொன்னாள். எனக்கு முன்னால் இதையெல்லாம் பேசுகிறாளே என்று கூச்சப்பட்டு நான் பேப்பரை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டேன். ஆனால் காது அங்கேதான் இருந்தது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

எனக்கு எழுபது நிரம்பிய வருஷம் பீமரத சாந்தி செய்வதென்று ஏற்பாடு. அதற்கு நாள் நம் கையில் இல்லை. பிறந்த மாதத்தில் பிறந்த நட்சத்திரம் என்றைக்கு வருகிறதோ அன்றைக்குத்தான். மண்டபம் பேசியாகிவிட்டது. ஒரு காலை என் மனைவி காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவளுக்கு அந்த வாரம்தான் வரும். அந்த காப்பர் டி வெச்சதுல இருந்து போக்கு வேற ஜாஸ்தி. சீக்கிரம் நிக்கவும் நிக்காது," என்றாள்.

"மாத்திரை வாங்கிட்டு வரேன்."

"அவதான் ஆகாதுன்னாளே."

"அது தினமும் போடற மாத்திரை. இது விசேஷத்துக்குப் போடறது."

என்ன படித்திருந்தேன் என்று கேட்கக் கூடாது. அப்படித்தான் சொன்னேன். இரண்டும் ஹார்மோன்தான் என்பதை அட்டையின் பின்புறம் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்திருந்தாலே தெரிந்திருக்கும். பாசனக் கால்வாய்க்கு வரும் சிமென்ட் மூட்டையில் அச்சடித்திருப்பதைக்கூட விடாமல் படித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். இதைப் படிக்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அட்டையை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் அதைத் தொடாமல் பார்த்தாள்.

"மாமா, இது எனக்குக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

"அவங்க எல்லாத்துக்கும் கூடாதுன்னுதாம்மா சொல்வாங்க. உப்பு கூடாது, காப்பி கூடாது. நான் விட்டுட்டேனா?"

மகன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"நான் மண்டபத்துல கடைசி வரிசையில உக்காந்துக்கறேன் மாமா. மணைகிட்ட வரமாட்டேன். கலசத் தண்ணி அவர் மட்டும் ஊத்தட்டும்."

"ஒரே மருமக பின்னாடி உக்காந்தா வர்றவங்க என்ன கேப்பாங்க? மைக் வெச்சு அறிவிக்கணுமா, எங்க வீட்டுப் பொண்ணு தூரம்னு?"

என் மனைவி குறுக்கே வந்தாள். "சும்மனே பயப்படாத கண்ணு. நான் எத்தனை போட்டிருக்கேன் தெரியுமா? கல்லு மாதிரி இல்ல உக்காந்திருக்கேன்?"

மருமகள் என் மகனைப் பார்த்தாள். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டே, "ஒரு தடவைதானே, போட்டுக்கோயேன்," என்றான்.

அப்போதும் அவள் தயங்கினாள். நான் ஒரு மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, அவள் தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு பெரியவர் கையால் எடுத்து வைத்ததை எப்படித் தட்டுவது என்று நினைத்திருப்பாள். போட்டுக்கொண்டாள். விசேஷம் முடியும்வரை ஒவ்வொரு வேளையும் நானே அப்படி எடுத்து வைத்தேன். மறந்துவிடக் கூடாதே என்று அக்கறையாகத்தான் வைத்தேன்.

விசேஷம் நன்றாக நடந்தது. அவள் பட்டுப் புடவையில் குடத்தைத் தூக்கி எங்கள் தலையில் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் குளிர்ந்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் மருமகளைப் பாராட்டினார்கள்.

அடுத்த சில நாளில் கெண்டைக்கால் வலிக்கிறது என்றாள். "அன்னிக்குப் பூரா நின்னுக்கிட்டே இருந்தே இல்ல, அதான். வெந்நீர் ஊத்து," என்றேன். வெந்நீர் ஊற்றிக்கொண்டாள். ஆபீஸுக்கும் போய்வந்தாள். ஒரு நாள் காலையில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கிப் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கிறது என்றார்கள். இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றும் சொன்னார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியே கொண்டுவந்த பிறகு ஒரு பெண் டாக்டர் வந்தார். தமிழ்க்காரர்தான். எங்கள் முன்னாலேயே மருமகளைத் திட்டினார்.

"படிச்ச பொண்ணுதானே நீ? ஹார்மோன் ஆகாதுன்னு உனக்குச் சொல்லியிருக்கு. தெரிஞ்சே எப்படிப் போட்டே? யார் கொடுத்தா?"

அவள் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருந்தது. கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அது கோபமாகத் தெரியவில்லை. நான் பேசுவதற்காகக் காத்திருக்கிறாள் என்று பட்டது. என் மகன் தரையைப் பார்த்தான். என் மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

யாரும் பேசாததால் டாக்டர் என் பக்கம் திரும்பினார். "பெரியவர் நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க சார்."

"சொல்றேன் டாக்டர்," என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை எல்லாம் வெளியே நின்று பார்த்தவன் போலத்தான் நினைவிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். அதனால் மாதவிலக்கில் ரத்தம் நிற்காமல் போனது. ரத்தம் குறைந்து முகம் காகிதம் மாதிரி ஆயிற்று. கடைசியில் அவள் தனக்கென்று யோசித்து வைத்துக்கொண்டிருந்த காப்பர் டியையும் எடுத்துவிட வேண்டியதாயிற்று. எப்போது குழந்தை வேண்டுமென்று நினைக்கிறாளோ அப்போதும் கர்ப்ப காலம் முழுக்க, ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதையெல்லாம் மகன் என் மனைவியிடம் சொல்லுவான். நான் பேப்பருக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொள்வேன்.

விருத்தாசலத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போன அவளுடைய அப்பாவிடம், ஏதோ மாத்திரையைத் தெரியாமல் போட்டுக்கொண்டாள் என்று சொல்லியிருந்தோம். அவர் போகும்போது கையெடுத்துக் கும்பிட்டு, "புத்தி இல்லாத பொண்ணு, உங்களுக்கு ரொம்பச் சிரமம் கொடுத்துட்டா, மன்னிச்சுக்கோங்க சம்பந்தி," என்றார். நானும் கும்பிட்டேன்.

சில மாதம் கழித்து மகனும் மருமகளும் பொம்மசந்திராவுக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட் பார்த்துக்கொண்டு போனார்கள். ஆபீஸுக்குக் கிட்டே என்றார்கள். அது உண்மையில்லை, இன்னும் தூரம்தான். நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

நானும் என் மனைவியும் இதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. சாப்பிடுவோம், டிவி பார்ப்போம், படுத்துக்கொள்வோம். எனக்கு மட்டும் சம்பந்தி கும்பிட்ட கை கண்ணில் வந்துகொண்டே இருந்தது. போன வருஷம் ஒரு நாள் காலை, மனைவி காய்கறி வாங்க சிவாஜிநகர் போயிருந்த நேரம், அவருக்குப் போன் செய்தேன். எழுதி வைத்துக்கொள்ளாமல், சுற்றி வளைக்காமல் சொன்னேன். மாத்திரையை வாங்கியவன் நான், உங்கள் பெண் வேண்டாம் என்றாள், நான் வற்புறுத்தினேன், ஆஸ்பத்திரியில் அவள்மேல் பழி விழுந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றேன்.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை நிறுத்தினார். பிறகு, "சரிங்க சம்பந்தி. சாப்பிட்டீங்களா?" என்றார். வைத்துவிட்டார்.

செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று எனக்கு லேசாக இருந்தது. அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மருமகள் தனியாக வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"எங்கப்பாகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேம்மா. அவர் உன்னைத் தப்பா நினைச்சுக்கிட்டு இருக்காரேன்னு..."

"எங்கம்மா மூணு நாளா அழுவுறாங்க. எங்கப்பா, நீ அந்த வீட்டு மனுஷங்களோட இருக்க வேணாம், வேலையை விட்டுட்டு ஊருக்கு வான்னு சொல்றார். அவருக்கும் எனக்கும் இப்போ பேச்சு இல்ல. நானே சொல்லியிருப்பேன் மாமா. எப்போ சொல்லணும், எப்படிச் சொல்லணும்னு பார்த்து வெச்சிருந்தேன்."

"தப்புதாம்மா. நான் பண்ணினது தப்புன்னு ஒத்துக்கத்தான்..."

"என்னைக் கேட்டீங்களா?"

உட்கார் என்று நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அன்னிக்கும் கேக்கல. இப்பவும் கேக்கல. என் உடம்புக்கு நடந்தது. அதைக்கூட நீங்களேதான் எடுத்துச் சொல்வீங்களா?"

உள்ளேயிருந்து என் மனைவி வந்து, "வாசல்ல நின்னு ஏன் கண்ணு பேசற, உள்ள வா, காப்பி போடறேன்," என்றாள். அவள் வரவில்லை.

"இனிமே நான் என்ன பண்ணணும்னு சொல்லும்மா. பண்றேன்," என்றேன்.

"ஒண்ணும் பண்ணாதீங்க மாமா. எனக்காக எதுவும் பண்ணாதீங்க. அது போதும்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். மகளிடம் சொல்வது போல, "மழை வர்ற மாதிரி இருக்கு, பார்த்துப் போ," என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

அவள் அப்பாவோடு சமாதானம் ஆகப் பல மாதம் ஆயிற்று என்று மகன் சொன்னான். எப்படி ஆயிற்று என்று தெரியாது. பொங்கலுக்கு இருவரும் வந்தார்கள். டிராஃபிக்கைப் பற்றி, மெட்ரோவைப் பற்றி என்னிடம் பேசினாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. நானும் அதற்கு மேல் பேசவில்லை.

உறவினர்கள் போன் செய்து, "என்ன, பேரன் பேத்தி எப்போ?" என்று கேட்கிறார்கள். முன்பெல்லாம் நானே ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். இப்போது, "அது அவங்க விஷயம், எனக்குத் தெரியாது," என்கிறேன். என் பெரியப்பா மகன் ஒருவர் இதைக் கேட்டு, "வீட்டுக்குப் பெரியவன்னு பேரு, மருமகளுக்குப் பயந்துக்கிட்டு கிடக்கற," என்று கேலி செய்தார். ஆமாம் என்றேன்.

போன மாதம் மகன் வந்திருந்தபோது, மருமகளை ஒரு புது டாக்டரிடம் காட்டியதாகவும் ஸ்கேன் எடுத்ததாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னான். எந்த டாக்டர், எதற்கு ஸ்கேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவன் நான் கேட்பதற்காகவே ஒரு கணம் நிறுத்தினான் என்றுகூட நினைக்கிறேன். நான் கேட்கவில்லை. அவன் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.