கிளவுடுக்குப் புரிந்த தண்ணி

எங்கள் கம்பெனியில் எதையும் கண்ணால் படிக்கவே கூடாது என்று ஒரு காலம் வந்தது. ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டித் தருகிற தொழிற்சாலை அது. நான் அங்கே ஹெச்.ஆர். பிரிவில் இருந்தேன். இப்போதும் இருக்கிறேன், வேறு போக்கிடம் இல்லை. அதுவரை லைனில் வேலை பார்க்கும் பெண்கள் எழுதிப் போடும் குறைகளை நான்தான் படிப்பேன். டீ ஆறுவதற்குள் படித்து முடித்து, சோற்றில் கல் என்றால் கேன்டீனுக்கும், பஸ் நிற்காமல் போய்விட்டது என்றால் டிரான்ஸ்போர்ட்டுக்கும் போன் போட்டுத் திட்டிவிடுவேன். நான் சுங்குவார்சத்திரத்துக்காரி. கோபம் வந்தால் ஊர்ப்பேச்சு தானாக வந்துவிடும். அதற்குப் பயந்தே பாதி வேலை நடந்தது.

பிறகு எங்கள் மேனேஜர் ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்தார். நட்சத்திர ஹோட்டலில் மதியச் சாப்பாடு போட்டு யாரோ அவர் தலையில் கட்டியனுப்பிய சரக்கு அது. இனிமேல் பெண்கள் செல்போனில் தமிழில் எழுதுவார்கள். அது கிளவுட் என்கிற, எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டருக்குப் போகும். கிளவுட் அதை இங்கிலீஷ் ஆக்கி, எழுதியவளின் மனநிலை என்ன, முக்கியமான சொல் எது, எந்த வகைப் பிரச்சினை என்றெல்லாம் பிரித்து, நல்லதற்குப் பச்சையும் கெட்டதற்குச் சிவப்பும் பூசி அனுப்பும். இதைப் பெரிய திரையில் போட்டுக் காட்டியபோது அவருக்கு ஒரே பூரிப்பு, தலைப்பிள்ளையை ஊருக்குக் காட்டுகிற தகப்பன் மாதிரி. "எத்தனை பேர் எழுதினாலும் ஒரு செகண்ட்தான் மேடம்" என்றார். அந்த ஒரு செகண்டில் மிச்சமான நேரத்தை எல்லாம் அவர் மீட்டிங்கில்தான் செலவழித்தார்.

முதல் மாதமே அதன் மூளை தெரிந்துவிட்டது. "சாம்பார்ல வண்டு நீச்சல் அடிக்குது, சூப்பர்" என்று ஒருத்தி நொந்துபோய் எழுதியிருந்தாள். அதற்குப் பச்சை. வகை: விளையாட்டு வசதிகள். மேனேஜர் அந்தப் பச்சையையும் சேர்த்துக் கூட்டி மேலிடத்துக்கு அனுப்பிப் பாராட்டு வாங்கினார். நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அடுத்த மாதம் சிரிக்க முடியவில்லை.

தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி டிரெயினியாக வந்திருந்தாள். வேலையில் கெட்டி. அந்த மாதக் கடைசியில் நிரந்தரம் ஆகப்போகிறவர்களில் அவளும் ஒருத்தி. அதற்காகவே பொங்கலுக்குக்கூட ஊருக்குப் போகாமல் ஷிப்ட் பார்த்தவள். வாலாஜாபாத் போகிற வழியில் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்த ஹாஸ்டலில் இருந்தாள். அங்கே மோட்டார் எரிந்துபோய், பின்பக்கம் இருந்த அடிபம்பு ஒன்றுதான் கதி என்றாகியிருந்தது. அவள் எழுதினாள்: "ஷிப்ட் முடிஞ்சு வந்து தினமும் தண்ணி அடிக்க வேண்டியிருக்கு. ரூம்ல எல்லாரும் மாத்தி மாத்தி அடிக்கோம். கை நடுங்குது. காலைல எந்திரிக்க முடியல. யாராச்சும் வந்து பாருங்க."

கிளவுடுக்கு இது நன்றாகவே புரிந்தது. வேலை முடிந்ததும் தினமும் மது அருந்துகிறாள், அறைத் தோழிகளும் முறை வைத்து அருந்துகிறார்கள், கைநடுக்கம் உள்ளது, உதவி கேட்கிறாள். வகை: போதைப் பழக்கம். நிறம்: அடர் சிவப்பு. பேரில்தான் மேகம், ஒரு வாளித் தண்ணீருக்கு வக்கில்லை.

எழுதுகிறவர் யாரென்று தெரியாது என்று சொல்லித்தான் அந்தப் பெண்களை எழுத வைத்திருந்தோம். சிவப்பு விழுந்தால் மட்டும் ஆள் யாரென்று தெரியும் என்பதை யாரும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. அன்று நான் லீவு. மேனேஜர் பொறுப்பு பொங்கி, தன் கையாலேயே அவள் அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டார். மேனேஜர் ஒன்றும் வெளிநாட்டுக்காரர் இல்லை. பம்மலில் வளர்ந்தவர். அவரும் ஒரு காலத்தில் குடத்தோடு வரிசையில் நின்றவர்தான். ஆனால் திரையில் இங்கிலீஷ் இருக்கும்போது பக்கத்தில் இருக்கிற தமிழ் அவர் கண்ணில் படாது.

மறுநாள் காலை பெருமையாக என்னிடம் காட்டினார். நான் தமிழில் இருந்ததைப் படித்தேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னா சார் பண்ணி வச்சிகிறீங்க? அந்தப் பொண்ணு பம்புல தண்ணி அடிக்கிறத சொல்லுது சார். எங்க வூட்ல நானுந்தான் தெனம் அடிச்சிக்கினு இருந்தேன். என்னையும் புடிச்சி செவப்புல போடுங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு சிரித்தார். நாற்காலியில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செம காமெடி மேடம்" என்றார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"பரவால்ல, மெஷின் கத்துக்கும். அடுத்த தடவ தப்பு பண்ணாது."

"நீங்க எப்ப சார் கத்துக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

மதியம் அவள் அப்பா வந்துவிட்டார். இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த முகம். கேட் பக்கத்து அறையில் உட்காரவைத்து, லைனிலிருந்து மகளையும் கூப்பிட்டோம். அவள் தலையில் போட்ட தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

மேனேஜர் நடந்ததை விளக்கினார். மெஷின், மொழிபெயர்ப்பு, சின்னப் பிழை. அப்பா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"எங்கிட்ட பேசுனது மிசினு இல்லயே சார். நீங்கதான பேசுனிய?" என்றார். "நான் பேக்கரில மாஸ்டர். போன் வந்தப்ப கையெல்லாம் மைதா. அதான் ஸ்பீக்கர்ல போட்டேன். உங்க மக குடிக்கான்னு நீங்க சொன்னத கடைல நின்ன அத்தன பேரும் கேட்டாவ."

"அப்பா, நான் எழுதினத நீங்களே படிச்சுப் பாருங்க" என்றாள் அவள்.

"எனக்குத் தெரியும்மா. எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? உங்கம்மா தெருவுல நடக்காண்டாமா?" பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார். "அதே மாதிரி கடைக்கு இன்னொரு போன் போடுங்க சார். சாயங்காலம் கடைல ஆள் நிக்கும்போது போடுங்க. தப்பா சொல்லிட்டோம்னு ஒரு வார்த்த. பிள்ள இங்கயே இருக்கட்டும். நான் பாட்டுக்குப் போயிருதேன்."

அவ்வளவுதான் அவர் கேட்டது. ஒரு போன். புரிந்துகொள்ள எந்தக் கருத்தரங்குக்கும் போகத் தேவையில்லாத நியாயம்.

மேனேஜர் பேனாவை மூடித் திறந்தார். "அது லீகல்ல கேக்கணும்ங்க. தப்புன்னு கம்பெனியே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். மெயில் அனுப்பச் சொல்றேன்" என்றார். பேக்கரி அடுப்புக்கு மெயில். சொல்லிவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்று எழுந்து போனார். எனக்கு அசிங்கமாக இருந்தது. ஒரே பிரிவில் வேலை பார்க்கிறோம் என்பதே அசிங்கமாக இருந்தது.

"கடை நம்பர் குடுங்க, நான் பேசுறேன்" என்றேன். சாயங்காலம் வரை காத்திருக்க எனக்குப் பொறுக்கவில்லை. அப்பாவே தன் போனில் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கி என்னிடம் நீட்டினார். பேக்கரி முதலாளி எடுத்தார். நான் கம்பெனி பெயரைச் சொன்னேன், ஹெச்.ஆர். என்றேன், அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை, தப்பு முழுக்க எங்களுடையது, மன்னித்துவிடுங்கள் என்றேன். மூன்று பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சந்தோசம்மா" என்றார் முதலாளி. "மாஸ்டர் பிள்ளய எனக்குத் தெரியாதா? ஆனா நேத்து உங்க சாரு பேசும்போது கட நெறைய ஆளு நின்னுச்சு. இப்ப மத்தியானம் பாத்தியளா, நான் ஒருத்தந்தான் இருக்கேன்."

நன்றி சொல்லிப் போனை அவள் அப்பாவிடம் கொடுத்தேன். அவள் தொப்பியைக் கழற்றினாள். கழுத்திலிருந்த ஐடி கார்டையும் கழற்றி, கயிற்றை ஒழுங்காகச் சுற்றி, என் கையில் கொடுத்தாள்.