பெல்ஃபாஸ்ட் கடைக்கு யார் சாமான் போடுவது?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோழிக்கறி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. பெல்ஃபாஸ்ட்டிலிருந்து சிவம் போன் எடுத்தார்.

சிவம் என் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி. சித்தப்பாவின் மகன். வட அயர்லாந்துக்குப் போய்ப் பல காலம். ஆனால் டென்மார்க்கில் எங்கள் ஊரான அல்பர்ட்ஸ்லுண்டில் யாரைக் கேட்டாலும் ‘சிவம் லண்டனிலை’ என்றுதான் சொல்வார்கள். எங்கள் சனத்துக்கு பிரிட்டன் முழுவதும் லண்டன்தானே? கிளாஸ்கோவும் லண்டன். கார்டிஃபும் லண்டன். நடுவில் ஒரு கடலே கிடந்தாலும் பெல்ஃபாஸ்ட்டும் லண்டன்.

வழக்கமாக சுகம் விசாரிப்பார், பிள்ளைகளைக் கேட்பார், போனை அண்ணனிடம் கொடுக்கச் சொல்வார். அன்றைக்கு என்னோடுதான் கதைக்க வேண்டும் என்றார்.

“அண்ணி, நீங்கள் பேப்பரிலை எழுதுறனீங்கள். நான் ஒரு கூட்டத்திலை கதைக்க வேணும். என்ன சொல்லுறது எண்டு சொல்லித் தாங்கோ.”

என்ன கூட்டம்? பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போன பிரெக்ஸிட்டுக்குப் பிறகு வட அயர்லாந்துக்கு என்று ஒரு தனி ஏற்பாடு செய்தார்கள் அல்லவா... அது எப்படி நடக்கிறது என்று இப்போது மீளாய்வு செய்கிறார்களாம். சின்ன வியாபாரிகளைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கிறார்களாம். சிவத்தையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அந்த ஏற்பாடு என்னவென்று எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன். வட அயர்லாந்து பிரிட்டனில்தான் இருக்கிறது. ஆனால் சாமான் விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் பல அங்கே இன்னும் செல்லும். காரணம், தெற்கே அயர்லாந்துக் குடியரசோடு ஒட்டிய தரை எல்லையில் திரும்பவும் சோதனைச் சாவடி வந்துவிடக் கூடாது. நல்ல எண்ணம்தான். அப்படியென்றால் சோதனையை எங்கே வைப்பது? கடலில் வைத்தார்கள். இங்கிலாந்திலிருந்து கடலைத் தாண்டி வரும் சாமானுக்குச் சுங்கக் கடுதாசி வேண்டும். டென்மார்க்கிலிருந்தோ டப்ளினிலிருந்தோ வரும் சாமானுக்கு ஒரு கேள்வியும் இல்லை.

அதாவது, சொந்த நாட்டிலிருந்து வருவது சோதனைக்கு நிற்கும். வெளிநாட்டிலிருந்து வருவது நேரே வீட்டுக்கு வரும். தலை சுற்றுகிறதா? எனக்கும் சுற்றியது. எங்கள் ஒஃபிஸில் கரின் என்றொரு பெண். ஃபாரோ தீவுக்காரி. அவளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். “நாங்களும் அப்படித்தானே? டென்மார்க்கின் பாஸ்போர்ட், டென்மார்க்கின் ராஜா. ஆனால் நாங்கள் ஒன்றியத்தில் இல்லை. இங்கிருந்து அம்மாவுக்கு ஒரு பார்சல் போட்டாலும் சுங்கம்தான்” என்றாள். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது!

சரி, சிவத்திடம் வருவோம்.

அவருடைய கடையை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். சின்னக் கடைதான். வாசலில் முருங்கைக்காய், கறிவேப்பிலை. உள்ளே நெத்தலிக் கருவாடு, குரக்கன் மா, பெரிய ஃப்ரீசரில் பாரையும் விளைமீனும். அந்த ஊரில் எங்கள் ஆட்கள் கொஞ்சப் பேர். மலையாள நர்ஸ்மார்தான் நிறைய. வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைக்குள் நிற்க இடம் கிடையாது. சிவம் எல்லோரிடமும் வீட்டுக் கதை கேட்டுக் கேட்டுத்தான் பில் போடுவார்.

சாமான் லண்டனிலிருந்து வந்தது. நான் சொல்வது நிஜ லண்டன். அங்கே மொத்த வியாபாரம் செய்பவர் சிவத்தின் மனைவியின் அண்ணன். சிவம் கடை தொடங்கியபோது முதல் லோட் சாமானைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, தானே இறக்கி அடுக்கிக் கொடுத்தவர் அந்த மச்சான்தான்.

கடலில் சோதனை வந்த பிறகு அந்த வான் தடுமாறத் தொடங்கியது. ஒரு வானில் நூறு விதமான சாமான். மீனுக்கு ஒரு கடுதாசி, நெய்க்கு ஒன்று, கீரைக்கு ஒன்று. ஒன்றில் பிழை என்றாலும் முழு வானும் துறைமுகத்தில் நிற்கும். பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் அதற்கென்று ஆட்களை வைத்துச் சமாளித்தன. மச்சானிடம் யார் இருக்கிறார்கள்? அவரும் ஒரு ட்ரைவரும்தான். வாராவாரம் வந்த வான் மாதத்துக்கு ஒருக்கால் ஆனது. வந்தாலும் கறிவேப்பிலை கறுத்துப்போய் வந்தது. விதிகளைப் பிறகு கொஞ்சம் இளக்கினார்கள். அதற்குள் நர்ஸ்மார் வேறு இடம் பார்த்துவிட்டார்கள்.

போன வருடம் இலையுதிர் காலத்தில் சிவம் கடையைப் பூட்டினார். இப்போது ஒரு பெரிய வேர்ஹவுஸில் பெட்டி அடுக்குகிறார்.

இந்த இடத்தில் என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் என்ன தொழில் செய்கிறார் தெரியுமா? கோப்பன்ஹேகனுக்கு வெளியே ஒரு ஸ்டோர் வைத்து, தமிழ்க் கடைகளுக்கு மொத்தமாகச் சாமான் போடுகிறார். கொழும்பிலிருந்து வரும். அதே நெத்தலி, அதே குரக்கன் மா, அதே விளைமீன். ஒரு லொறியில் ஏற்றினால் டப்ளின், அங்கிருந்து தெருவால் பெல்ஃபாஸ்ட். நடுவில் மறிக்க ஆளில்லை.

பிறகு ஏன் போடவில்லை?

நானும் அந்த நாட்களில் இதைக் கேட்டேன். “அவன்ரை மச்சான் போடுறான். நான் குறுக்கை போறதோ? அவனுக்குத் தேவையெண்டால் அவன் கேக்கட்டும்” என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சொந்தத்துக்குள் வியாபாரம் என்றால் எங்கள் ஆட்களுக்கு அதுதானே முறை? ஒருவர் போடும் கடைக்குள் இன்னொரு சொந்தக்காரன் நுழைந்தால், அடுத்த கலியாண வீட்டில் முகத்துக்கு முகம் பார்க்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சிவத்துக்கு வசனம் சொல்லிக் கொடுப்பதற்காக போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். கணவர் சோபாவில் இருந்தார். டிவி ஓடினாலும் காது இங்கேதான். அந்தக் கூட்டத்தில் முதலில் நடந்ததைச் சொல்லுங்கள், பிறகு என்ன மாற்றம் வேண்டும் என்று சொல்லுங்கள் என்றேன். அவர் சொல்லிப் பார்த்தார். வான் நின்ற கதை, மீன் பழுதான கதை. பாதியில் நிறுத்திவிட்டார்.

“இதிலை ஒண்டும் இல்லை அண்ணி. அண்ணையிட்டை எடுத்திருந்தால் கடை தப்பியிருக்கும். எனக்கு அது அப்பவே தெரியும்.”

கணவர் டிவியை நிற்பாட்டினார். எழுந்து வந்து போனுக்குக் கிட்ட நின்றார்.

“கேட்டிருந்தால் தந்திருப்பன் தானே, தம்பி?”

“தாறன் எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் எடுத்திருப்பன், அண்ணை.”

நான் எழுந்து போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தேன்.

பிறகு சிவம்தான் மெல்லச் சொன்னார். தான் கேட்டால் மச்சானை வெட்டிவிட்டது போல ஆகிவிடும், மனைவி அழுவாள் என்று பயந்தாராம். கடை பூட்டிய பிறகு ஒருநாள் மச்சான் வீட்டுக்கு வந்திருக்கிறார். வந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? “டென்மார்க்கிலை எடு எண்டு நானே சொல்ல இருந்தனான். அந்த வானாலை எனக்கும் நட்டம்தான். கைவிட்டிட்டன் எண்டு நீ நினைப்பாய் எண்டுதான் சொல்லேல்லை.”

ஐயோ... மூன்று பேர். மூன்று பேருக்கும் விடை தெரியும். மூன்று பேரும் மற்றவன் மனம் நோகக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு கடை செத்துப்போனது.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரில் என்றுதான் தெரியவில்லை. பிரெக்ஸிட்டைத் திட்டலாம், சுலபம். இந்தக் கதையில் சுங்க அதிகாரி தன் வேலையைச் செய்தார். நாங்கள்தான் எங்கள் வேலையைச் செய்யவில்லை.

திங்கட்கிழமை கரினிடம் இதைச் சொன்னேன். அவளுக்கு விளங்கவே இல்லை. “ஒரு போன்... ஒரு நிமிடம்... ஏன் கேட்கவில்லை?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எப்படி விளங்கப்படுத்துவது? எங்களிடம் பாசம் குறைவில்லை. கூடிப்போய்த்தான் இந்தக் கதி என்றால் நம்புவாளா?

நாடுகளைப் பாருங்கள். ஆளை ஆள் நம்பாதவர்கள்தான். அதனாலேயே சில வருடங்களுக்கு ஒருக்கால் உட்கார்ந்து, இந்த ஏற்பாடு சரிவருகிறதா, மாற்ற வேண்டுமா என்று கேட்க வேண்டும் என முதலிலேயே எழுதி வைக்கிறார்கள். நாங்கள் ஒருவரை ஒருவர் நம்புகிறவர்கள். எழுதவும் மாட்டோம், கேட்கவும் மாட்டோம்.

புதன்கிழமை கூட்டம் முடிந்து சிவம் போன் எடுத்தார். நல்ல மனிசராம். தேத்தண்ணி தந்து, ஆறுதலாகக் கேட்டார்களாம். தான் சொன்னதையெல்லாம் எழுதினார்களாம். கடைசியில் ஒரு அம்மா, எதை மாற்றினால் உங்கள் கடைக்கு உதவியாக இருக்கும் என்று கேட்டிருக்கிறார். கடை பூட்டியாயிற்று என்று அந்த அம்மாவிடம் சொல்ல மனம் வரவில்லையாம். யோசித்துச் சொல்கிறேன் என்று எழும்பி வந்துவிட்டாராம். அங்கேயும் மற்றவர் மனம் நோகக் கூடாது!

அன்று பின்னேரம் என் கணவர் ஒருவரிடமும் கேட்காமல் ஸ்டோருக்குப் போனார். நெத்தலி, குரக்கன் மா, மிளகாய்த்தூள் எல்லாம் ஒரு பெட்டியில் கட்டி, சிவத்தின் விலாசத்தை எழுதி அனுப்பிவிட்டு வந்தார்.

பெட்டி நேற்று பெல்ஃபாஸ்ட் போய்ச் சேர்ந்தது. வழியில் ஒருவரும் மறிக்கவில்லை, ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. நாலு பேர் உள்ள சிவத்தின் வீட்டுக்குச் சமைக்க ஒரு மாதம் தாராளமாகக் காணும்.