ஆற்று மேடையில் காற்று வாங்குபவர்கள்

எங்கள் கம்பெனி ஆட்களைக் குறைக்கப்போகிறது என்ற பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான் மனைவி என்னை ஜப்பானிய ஓவியங்கள் பார்க்க அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனாள். நான் விமான நிலையத்தில் பயணப்பெட்டிகள் ஏற்றி இறக்கும் பகுதியில் சூப்பர்வைசர். அவள் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். வீட்டிலிருந்தால் நான் ஹோலுக்கும் குசினி அடுப்புக்குமாக நடந்துகொண்டே இருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்குக் கிட்டவுள்ள ஹவுன்ஸ்லோ நிலையத்தில் ரயில் ஏறியதிலிருந்து போன் என் கையிலேயே இருந்தது. அன்றைக்குக் கூப்பிட்டு முடிவைச் சொல்வதாக மனேஜர் கூறியிருந்தார்.

"அதைப் பொக்கற்றுக்குள்ளை வையுங்கோ. அடிச்சால் தெரியும்தானே" என்றாள்.

அருங்காட்சியகத்தில் அந்த ஓவியங்கள் இருந்த அறைக்கு மட்டும் மங்கலான வெளிச்சம். மரப்பலகையில் செதுக்கி, மை பூசி, தாளில் ஒற்றியெடுத்த பழைய படங்கள். ஆற்றுக்கு மேலே போட்ட மேடையில் விசிறியோடு காற்று வாங்கும் பெண்கள். பூத்த மரத்தடியில் பாய் விரித்துச் சாப்பிடும் குடும்பம். ஈரத்தலையோடு உட்கார்ந்து கால் நகம் வெட்டும் ஒருத்தி. ஒருவருக்கும் ஓர் அவசரமும் இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. நான் அறை முழுவதையும் சுற்றி முடித்தபோது, அவள் முதல் சுவரையே தாண்டியிருக்கவில்லை.

"இவையளுக்கு வேலைவெட்டி இல்லையோ?" என்றேன்.

"இண்டைக்கு லீவாயிருக்கும்."

ஆற்று மேடைப் படத்துக்கு எதிரே ஒரு வாங்கு இருந்தது. மனைவி அதில் உட்கார்ந்தாள். நான் மறுபடி ஒரு சுற்றுப் போய் வருவதற்குள், கைப்பையை மடியில் வைத்தபடி தூங்கிப்போயிருந்தாள். அறைக்குக் காவல் நின்ற பெண் எங்களை நோக்கி வந்தாள். எழுப்பச் சொல்லப்போகிறாள் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். தூங்கட்டும், பை விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பையைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. வேறு வழியில்லாமல் படத்தைப் பார்த்தேன். ஓரத்தில், தேநீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். பின்னால் ஒருவன் படகு தள்ளிக்கொண்டிருந்தான். அவ்வளவு பேரில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் ஷிப்டில் நின்றார்கள்.

போன் அதிர்ந்தது. பையையும் எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் விழித்திருந்தாள்.

"ஆர் எடுத்தது?"

"மனேஜர். அடுத்த கிழமைதான் சொல்லுவினமாம்."

"அப்ப இண்டைக்கு ஒண்டும் இல்லை. இருங்கோ."

நான் உட்காராமல் தட்டோடு வரும் பெண்ணைக் காட்டினேன். "உதிலை பாரும், இவ வேலைக்கு நிக்கிறா."

அவள் எழுந்து போய்க் குனிந்து பார்த்தாள். "ஓம். தோள் உளையும் அவவுக்கு" என்றாள். இல்லத்தில் முதியவர்களைத் தூக்கித் தூக்கி அவளுடைய வலது தோளும் அப்படித்தான்.

"உமக்கு இப்ப நோகுதோ?"

"நோகும்தான். இதிலை இருக்கேக்கை தெரியேல்லை" என்று மறுபடி வந்து உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். என் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

அடுத்த கிழமை என் வேலை தப்பியது. என்னோடு வேலைக்கு நின்ற இருவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். அவர்களில் ஒருவர் அன்று மாலை எனக்குப் போன் எடுத்தார். அவர் பேசப் பேச நான் குசினிக்குள் நடந்துகொண்டிருந்தேன். மனைவி கதிரையொன்றை இழுத்து என் முன்னால் வைத்தாள். அதில் உட்கார்ந்து, சிறிது நேரம் அவர் சொல்வதைக் கேட்டேன்.