பலவீனம்: வலது முழங்கால்

போன வாரம் ஒரே காலையில் எட்டுப் பெண்களை நோயாளிகளாக்கினேன். நான் டாக்டர் இல்லை. மொழிபெயர்ப்பாளன்.

அதுவும் ஒரு நாள் மொழிபெயர்ப்பாளன்.

என் மனைவியின் தங்கை பத்மினி, பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். (கொழுந்தியாள் கொழுந்து பறிக்கிறாள் என்று கல்யாணமான புதிதில் நான் அடித்த ஜோக்குக்கு இதுவரை யாரும் சிரிக்கவில்லை. இங்கே இன்னொரு முறை முயன்று பார்க்கிறேன்.) அந்தத் தோட்டத்தில் பெண்களைக் கங்காணியாகப் போடப் போகிறார்கள். மலையில் ஆட்களை நிரை பிரித்து நிறுத்தி வேலை வாங்குகிறவர்தான் கங்காணி. பறிப்பது பெண்கள், பார்த்துக்கொண்டு நிற்பது ஆண்கள் என்றே இவ்வளவு காலமும் ஓடிவிட்டது. இப்போது நான்கு இடங்கள். மனுப் போட்டவர்கள் ஒன்பது பேர். அதில் பத்மினி ஒருத்தி.

அவளுக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். மனுவை அனுப்பிய நாளிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பத்மினி ஆசைப்பட்டால் அப்படித்தான்.

தேர்வுக்கு முன் ஒரு நாள் பயிற்சி. தலைப்பு: 'உன்னை நீ அறிந்துகொள்'. நடத்த வந்தவர் கொழும்பிலிருந்து ஓர் உளவியல் ஆலோசகர். சிங்களப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். வணக்கம், தேத்தண்ணி, பரவாயில்லை — இந்த மூன்று தமிழ்ச் சொற்களை வைத்துக்கொண்டு மலையேறி வந்துவிட்டார். எல்லோருக்கும் அவர் 'மிஸ்'. மொழிபெயர்க்க வர வேண்டியவருக்குக் காய்ச்சல்.

பத்மினி போன் அடித்தாள்.

"மச்சான், ஒங்களுக்குத்தான் ரெண்டு பாஷையும் வருமே. பேப்பர்ல வேற இருந்தீங்க. ஒரு நாளைக்கு வந்து சொல்லிக் குடுங்களேன்."

பேப்பரில் இருந்தவன் என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும். முப்பது வருடம் மற்றவர்களின் சொற்களைத் திருத்தியவன் இல்லையா? மிஸ் அனுப்பிய படிவத்தை ஹட்டனில் என் வீட்டிலேயே உட்கார்ந்து மொழிபெயர்த்துப் பிரதி எடுத்துக்கொண்டேன். ஒரே பக்கம். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ஒரு தலைப்பு, வலப்பக்கம் ஒரு தலைப்பு. சிங்களத்தில் இருந்த இரண்டு சொற்களுக்கும் ஒரு நொடிகூட யோசிக்காமல் தமிழ் போட்டேன்.

'என் பலம்.' 'என் பலவீனம்.'

அகராதியைப் பாருங்கள். பிழை இல்லை.

தலவாக்கலையில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது பேரும் வந்துவிட்டிருந்தார்கள். இடம், தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா. தாய்மார் மலைக்குப் போகிற நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கட்டடம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் குழந்தைகள் இல்லை. குழந்தைகளின் நாற்காலிகள் இருந்தன. ஒன்பது பெண்களும் அவற்றில் உட்கார்ந்திருந்தார்கள், முழங்கால் மோவாயைத் தொட.

இதை அப்போதே ஒரு சகுனமாக எடுத்திருக்க வேண்டும்.

படிவத்தைக் கொடுத்தோம். அரை மணி நேரம். சிலர் வேகமாக எழுதினார்கள். சிலர் பேனாவைக் கடித்தார்கள். பத்மினி அடித்து அடித்து எழுதினாள். பக்கத்தில் அவளுடைய கூட்டாளி ராஜேஸ்வரி, எழுதி முடித்துவிட்டு மற்றவர்களின் தாளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேநீர் வந்தது. கூடவே சின்ன துரையும் வந்தார். உதவி முகாமையாளரை இங்கே இன்னும் அப்படித்தான் அழைக்கிறார்கள். தமிழர், நல்ல மனிதர், அவசரக்காரர். நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பதில் அவருடைய சொல்லுக்குத்தான் எடை. நின்றபடியே படிவங்களைப் புரட்டினார். புருவம் ஏறியது.

"என்னாங்க இது? எல்லாருக்குமா முழங்கால் போச்சு?"

வாங்கிப் பார்த்தேன்.

என் பலம்: 'இருபது கிலோ தூக்குவேன்.' 'இரண்டு கையாலும் பறிப்பேன்.' 'காய்ச்சல் வராது.'

என் பலவீனம்: 'இடுப்பு.' 'இரத்தம் குறைவு.' 'இடது தோள்பட்டை, கூடைக் கயிறு இழுத்தது.' 'பிரஷர், மாத்திரை போடுகிறேன்.' 'முழங்கால்.' 'முழங்கால்.' 'முழங்கால், இரண்டும்.'

பத்மினி எழுதியிருந்தாள்: 'வலது முழங்கால். மழைக்கு நோகும்.' அதற்குக் கீழே, அடித்து, மறுபடியும் எழுதியது: 'எப்போதும் கடைசி.'

பலவீனம் என்றால் ஆஸ்பத்திரியில் சொல்கிற சொல். கிளினிக்கில் நர்ஸ் கேட்கிற கேள்வி. எழுதியவர்கள் எல்லோரும் கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதியிருக்கிறார்கள். கேள்விதான் பிழை.

சின்ன துரை படிவங்களை இரண்டாகப் பிரித்து மேசையில் வைத்தார். ஒரு பக்கம் எட்டு. மறுபக்கம் ஒன்று. அந்த ஒன்று ராஜேஸ்வரியுடையது. பலவீனத்துக்குக் கீழே அவள் எதுவும் எழுதவில்லை.

"கங்காணின்னா நாள் பூரா மலையில நடக்கணும். நோவு இருக்கிறவங்கள எப்படிங்க போடுறது? நாளைக்கு அவங்களுக்குத்தானே கஷ்டம்?"

பத்மினி தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

பத்திரிகையில் பிழை விட்டால் அதற்கென்று ஒரு வழி உண்டு. ஏழாம் பக்கத்தில், ஒரு மூலையில், சின்ன எழுத்தில் 'திருத்தம்' என்று போடுவோம். பிழையைப் பார்த்தவர்கள் திருத்தத்தைப் பார்க்க மாட்டார்கள். கௌரவம் தப்பிக்கும். ஆனால் பிள்ளைக் காம்பராவுக்கு ஏது ஏழாம் பக்கம்?

எழுந்து நின்று, இரண்டு பாஷையிலும் சொன்னேன். பிழை இவர்களுடையது இல்லை, என்னுடையது. கேட்க நினைத்தது குணத்தை. நான் கேட்டு வைத்தது உடம்பை.

ராஜேஸ்வரி எழுந்தாள்.

"அப்ப எனக்கு மட்டும் நோவு இல்லன்னு நெனச்சீங்களா? எனக்கும் முழங்கால் போச்சுதாங்க. அந்த 'ழ' எழுத வரல, விட்டுட்டேன்."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. மிஸ்ஸுக்கு மொழிபெயர்க்க முயன்றேன். 'ழ'வை எப்படி மொழிபெயர்ப்பது? அவர் எல்லோரும் சிரிப்பதைப் பார்த்தே சிரித்தார். சின்ன துரை இரண்டு அடுக்கையும் ஒன்றாக்கினார். எனக்கு உயிர் வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 'நான் யார்' என்ற கேள்வியைத் தத்துவக்காரர்கள் கேட்டால் முதலில் உடம்பைக் கழித்துவிடுகிறார்கள். நீ இந்தக் கை இல்லை, கால் இல்லை என்று. உளவியல்காரர்கள் கேட்டால் மனதை எடுத்துக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறார்கள். இரண்டு இடத்திலும் முழங்காலுக்கு வேலை இல்லை. ஆனால் இருபது வருடம் சரிவில் ஏறி இறங்கிய ஒரு முழங்கால்... மழை வருவதை ரேடியோவுக்கு முன்னால் சொல்கிற ஒரு முழங்கால்... அது 'நான்' இல்லையென்றால் எதுதான் நான்? அந்தப் பெண்கள் அவ்வளவு தவறாக ஒன்றும் எழுதிவிடவில்லை.

சரி, இரண்டாம் சுற்று. "ஒங்க கொணத்தச் சொல்லுங்க. நல்லது ஒண்ணு, சரியில்லாதது ஒண்ணு" என்றேன், சரியான சொல்லைப் பிடித்துவிட்ட தைரியத்தில்.

ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"நம்மளப் பத்தி நாமளே நல்லா சொல்லிக்கிட்டா நல்லாவாங்க இருக்கும்?" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

"சரி, கெட்டதச் சொல்லுங்க."

"அது தெரிஞ்சா திருத்திக்க மாட்டோமா?"

மிஸ்ஸுக்கு மொழிபெயர்த்தேன். மிஸ் என்னைப் பார்த்தார். நான் மிஸ்ஸைப் பார்த்தேன்.

தீர்வைச் சொன்னது பத்மினி. ஏதோ நாற்காலியிடம் பேசுவது போல, தலையைக் குனிந்துகொண்டு.

"கூடை முதுகுலதானே இருக்கு மச்சான். பாரம் நமக்குத் தெரியும். நெறஞ்சிருச்சா இல்லையான்னு பின்னாடி வர்றவதானே சொல்லணும்?"

மொழிபெயர்த்தேன். மிஸ் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு எல்லோரையும் எழுப்பி, அவரவர் தாளை வலப்பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கச் சொன்னார். இனி, பக்கத்தில் இருப்பவளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவ்வளவுதான். அதுவரை வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தவர்கள் பிள்ளைக் காம்பராவைக் கொழுந்து மடுவம் ஆக்கிவிட்டார்கள். கொழுந்து நிறுக்கிற அந்த இடத்தில் எழும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று விளங்கும்.

"இவ வாய் ஓயவே ஓயாது."

"இவ பேசுறதாலதான் பொழுதே போகுது, அதயும் எழுதுங்க."

"இவ கோவக்காரி. ஆனா அஞ்சு நிமிசந்தான்."

"அஞ்சு நிமிசமா? அன்னிக்கி ரெண்டு நிரை முடியிற வரைக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தியே."

மிஸ் பலகையின் நடுவிலும் ஒரு கோடு போட்டு, எழுதிக்கொண்டே கேட்டார்: வாய் ஓயாது என்பது எந்தப் பக்கம்? பலமா, மற்றதா? நான் கேட்டேன். பாதிப் பேர் இடப்பக்கம் என்றார்கள், பாதிப் பேர் வலப்பக்கம் என்றார்கள். வாயாடிப் பெண்ணே இரண்டு பக்கமும் போடச் சொன்னாள். மூன்றாவது ஆளுக்கு வரும்போது மிஸ் டஸ்டரை எடுத்து நடுக்கோட்டை அழித்துவிட்டார்.

பத்மினியின் தாள் ராஜேஸ்வரியிடம் இருந்தது. அவள் அதை உரக்கப் படித்தாள். "எப்போதும் கடைசி." பத்மினியை முறைத்தாள்.

"என்னாடி எழுதி வச்சிருக்க?"

"உண்மதானே. மலைய விட்டு எறங்கறப்ப என்னிக்காச்சும் முன்னாடி வந்திருக்கேனா? மடுவத்துலயும் நாந்தான் கடைசி. நீயே எத்தன தடவ கேலி பண்ணியிருக்க."

"கேலி பண்ணுவேன். அது வேற." ராஜேஸ்வரி சின்ன துரையின் பக்கம் திரும்பினாள். "சார், இவ ஏன் கடைசின்னு கேளுங்க. எல்லாரும் எறங்கற வரைக்கும் நின்னு பாப்பா. யாரு கூடைய எறக்கி வச்சிட்டு நிக்கிறா, யாருக்கு காலு முடியல... அதெல்லாம் பாத்து, கூப்புட்டு, கூட்டிக்கிட்டுதான் வருவா. போன வருசம் குளவி கெளம்புச்சில்ல? எல்லாரும் ஓடுனோம். இவளும் ஓடுனா. ரோட்டுக்கு வந்து தலைய எண்ணுனா ஒரு ஆளு கொறையுது. இவதான் இடுப்புல கட்டியிருந்த படங்குச் சாக்க அவுத்து தலையில போட்டுக்கிட்டு திரும்பி ஏறுனா."

"யாரைக் கூட்டி வர?" என்றார் சின்ன துரை.

"என்னயத்தான்."

நான் மொழிபெயர்ப்பதை மறந்து நின்றேன். மிஸ் கேட்கவும் இல்லை.

பத்மினிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "அது வந்து... இவ போட்ட சத்தத்துல காது வலிச்சிச்சி சார். அதான் போனேன்."

சிரிப்பு அடங்கிய பிறகு சின்ன துரை பொதுவாக ஒரு கேள்வி கேட்டார். "மலையில ஆளு எல்லாரும் எறங்கிட்டாங்களான்னு பாக்கறது யாரு வேலை?"

"கங்காணி வேலை," என்றார்கள் ஏழெட்டுப் பேர், ஒரே குரலில்.

பத்மினி அப்போதுதான் நிமிர்ந்தாள். தன் தாளை ராஜேஸ்வரியிடமிருந்து வாங்கி, தான் எழுதியதைத் தானே இன்னொரு முறை படித்தாள். யாரோ எழுதியதைப் படிப்பது போல.

அந்த முகத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வராது. கொத்மலைக் குளத்தில் மூடுபனி விலகும்போது என்று ஏதாவது ஆரம்பித்தால், நானே வெட்டிவிடுவேன். சந்தோஷமாக இருந்தாள். அது போதும்.

தன் குறை என்று ஒருத்தி எத்தனையோ வருடமாகச் சுமந்தது, அவள் குணமாக இருந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அவளைத் தவிர. நம் படிவத்தை நாமே நிரப்பினால் இப்படித்தான் ஆகுமோ? வீட்டுக்கு வந்ததும் ஒரு வெற்றுப் படிவத்தை மனைவியிடம் நீட்டினேன், என்னைப் பற்றி எழுதச் சொல்லி. அவள் மிகவும் ஆர்வமாகப் பேனாவைத் தேடினாள். நான் படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

முந்தாநாள் பத்மினி போன் அடித்தாள். நான்கு பேரில் அவள் உண்டு. ராஜேஸ்வரியும் உண்டு. முதல் நாள் வேலையும் முடிந்துவிட்டதாம்.

"இன்னிக்கும் நாந்தான் மச்சான் கடைசி. ராஜேஸ்வரி இன்னும் கேலி பண்றா."

"முழங்கால் எப்படி இருக்கு?" என்றேன்.

"அது அப்படியேதான் இருக்கு. அந்தத் தாள்ல அது ஒண்ணத்தான் நீங்க சரியாக் கேட்டீங்க."