அண்ணனின் குரலில் நான் பேசிய வெள்ளிக்கிழமைகள்

மிமிக்ரி தெரியும் என்ற திமிரில், இன்னொருவரின் மனைவியிடம் நான்கு மாதம் புருஷனாகப் பேசிய முட்டாள் நான்.

துபாய்க்குப் பக்கத்தில் ராஸ் அல் கைமாவில், டைல்ஸ் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப். என் ரூமில் இருந்த செல்வராசு அண்ணனுக்கு இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். மறதி மெல்ல மெல்ல வந்து, கடைசியில் ஊரிலிருந்து அண்ணி போன் செய்தால் யாரென்று தெரியாமல் விழித்தார். தெரிந்தால் அண்ணி பதறுவார், கம்பெனியும் அனுப்பிவிடும் என்று அவர் டூட்டியை ரூமில் இருந்த நாங்கள் பகிர்ந்துகொண்டோம். வெள்ளிக்கிழமை போனை மட்டும் நான் எடுத்து, அவர் குரலில் பேசினேன். ரூமே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“யாரு தம்பி போன்ல?”

“உங்க வீட்டுக்காரங்கண்ணே.”

“எனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?” என்று வெட்கத்தோடு கேட்டார்.

ரூமில் யாரும் சிரிக்கவில்லை. அண்ணிக்கும் அது கேட்டிருக்கும். முதல்முறையாக என் சொந்தக் குரலில் பேசினேன்.

“அண்ணி, இத்தன நாளும் பேசுனது நான்தான். மன்னிச்சிருங்க. அண்ணன ஊருக்குக் கூப்பிட்டு வைத்தியம் பாருங்க.”

“தெரியும் தம்பி, அவரு ஒருநாளும் என்னைச் சாப்ட்டியான்னு கேட்டதில்ல.”