வாத்து ரத்தத்தில் இருந்த ஓட்டைகள்

மூக்கன் என்ற பேரை நான் முதலில் கேட்டது, என் தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது. “சமையல்காரர்தான் அக்கா. பக்கத்துத் தெருவுல பால் அடிப்பிடிச்சா இங்கேருந்தே சொல்லிடுவாராம். அதான் அந்தப் பட்டப்பேரு” என்றாள் தங்கை.

“பக்கத்துத் தெருப் பாலை விடு. வீட்டுப் பாலுக்கு வழி பண்ணுவாரான்னு கேளு” என்றேன்.

பண்ணினார். தொழிற்சாலை கேன்டீன் ஒன்றில் பதினாறு வருடம் முந்நூறு பேருக்கு ஆக்கிப் போட்டார். குழம்பை நாக்கில் வைக்கவே மாட்டார். ஆவியை முகர்ந்து பதம் சொல்லிவிடுவார்.

அப்புறம் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் நாக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. காப்பியும் வெந்நீரும் அவருக்கு ஒன்றாகிப்போனது. வெளியே தெரிந்தால் வேலை போச்சு. நல்லவேளை, அவர் பெண்டாட்டியான என் தங்கை மகளுக்கும் அதே அடுப்படியில் காய் நறுக்கும் வேலை. அவள்தான் ருசி பார்ப்பாள். உப்புப் பற்றாவிட்டால் ஒரு இருமல். கூடிப்போனால் கத்தியால் பலகையில் ஒரு தட்டு.

“வேற யாராவது நிஜமாவே இருமினா நாங்க தொலைஞ்சோம் பெரியம்மா” என்பாள்.

மூன்றாம் மாதம் அப்படியே ஆனது. அரிசி களைகிறவளுக்குச் சளி. அவள் இரும இரும இவர் உப்பை அள்ளிப் போட்டிருக்கிறார்.

முதலாளி திட்டவில்லை. “ஞாயித்துக்கிழமை மத்தியானம் குடும்பத்தோட சாப்பிட வாங்க” என்றார். அவர்களோடு இருக்கிறவள் என்பதால் நானும் போனேன்.

அது ஒரு சீனச் சாப்பாட்டுக் கடை. மூன்று தட்டு வந்தது. ஒன்றில் துவாலை மாதிரி சொரசொரவென்று மாட்டு இரைப்பை. ஒன்றில் வளையம் வளையமாகப் பன்றிக் குடல். மூன்றாவதில் கறுத்த கட்டிகள், உறைய வைத்து வேக வைத்த வாத்து ரத்தமாம்.

“புதுசா ஒரு கடை போடறேன் மூக்கா. இதே பதார்த்தம் வேணும். தின்னு பாத்து என்னென்ன சேர்த்திருக்காங்கன்னு சொல்லு. சொன்னா கடை உன் கையில” என்றார் முதலாளி. பிறகு தங்கை மகளைப் பார்த்து, “நீ இப்படி என் பக்கத்துல வாம்மா. உனக்குத்தான் இருமல் ஆச்சே” என்றார்.

அவள் எழுந்து இடம் மாறினாள்.

மாப்பிள்ளை மூன்றையும் நிதானமாக மென்றார். மற்ற யாரும் தட்டில் கை வைக்கவில்லை. “இரைப்பையைக் கொதிக்கிற தண்ணியில ஒரு முக்கு முக்கி எடுத்திருக்காங்க. அதான் நறுக்குநறுக்குனு இருக்கு. குடலை முதல்ல வேக வச்சு, அப்புறம் பொரிச்சிருக்காங்க. ஏதோ ஒரு மிளகு, உதடு மரத்துப் போகுது.”

“வெந்த கதை வேண்டாம். வாசனைக்கு என்ன?”

மாப்பிள்ளை இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

“அன்னாசிப்பூ…” என்று ஆரம்பித்தாள் அவள்.

“உன்னைக் கேட்டேனா?”

மாப்பிள்ளை கரண்டியைக் கீழே வைத்தார். “அவளை விடுங்க. எனக்கு மூணு மாசமா எந்த வாசமும் தெரியலை.”

“முந்நூறு பேர் வயித்துல விளையாடியிருக்கீங்க ரெண்டு பேரும். நாளையிலேருந்து வராதீங்க.” நாற்காலியைத் தள்ளிவிட்டு அவர் போய்விட்டார்.

தேநீர்க் கெண்டியோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் கடைக்காரச் சீனத்து அம்மா. சமையலும் அவர்தான். “மூணுல ஒண்ணை இன்னிக்கு நான் கெடுத்துட்டேன். எது?” என்றார்.

“ரத்தம்” என்றார் மாப்பிள்ளை உடனே. “உள்ளே பொடிப்பொடியா ஓட்டை. தண்ணி தளதளன்னு கொதிச்சிருக்கு. அடங்கின சூட்டுல விட்டிருந்தா வழவழன்னு வந்திருக்கும்.”

“வாசம் தெரியாதுன்னீங்க?”

“பல்லு இருக்குல்ல.”

“இதையெல்லாம் நாங்க பாதி பல்லுக்காகத்தான் சாப்பிடறோம்” என்று அந்த அம்மா கெண்டியை மேஜைமேல் வைத்தார். “நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் வாங்க.”

ஆறு வருடம் ஆகிறது. மூக்கு திரும்பவில்லை. வந்து இறங்கும் குடல் புதுசா பழசா என்று முகர்ந்து பார்ப்பது என் தங்கை மகள். கழுவி, நறுக்கி, வேக வைப்பது மாப்பிள்ளை. அந்தக் கடையின் பின்கட்டு அடுப்பில்தான் இப்போதும் இருக்கிறார்.