எந்தச் சூளைக்கு இந்தப் பணம்

பக்கத்து வீட்டுச் சாவி ஏழு வருடமாக, வருடத்தில் பாதி நாள், என் தையல் மெஷின் டிராயரில்தான் கிடந்தது. அந்த வீட்டுக்காரியை ஊரே சூளைக்காரி என்றுதான் சொல்லும். அறுவடை முடிந்து வயலில் வேலை ஓய்ந்ததும் புருஷன், மகள், மூட்டை முடிச்சு சகிதம் செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடுவாள். முதல் மழை விழுந்து சூளை மூடிய பிறகுதான் திரும்புவாள். அதுவரை அந்த வீட்டில் எலிகள் குடியிருக்கும். வாடகை வாங்காத வீட்டுக்காரம்மா நான்.

அவள் அதிகம் பேசமாட்டாள். எனக்கு வாய் மூடாது. அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போனது. அவள் புருஷனுக்கு ஊர் வைத்த பெயர் ‘சரிங்க’. யார் என்ன கேட்டாலும் அந்த மனிதர் வாயிலிருந்து வருவது அந்த ஒரு சொல்தான். உன் தலையை ஒரு வாரம் இரவல் கொடு என்று கேட்டால்கூட சரிங்க என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் யோசனை கேட்பார். நல்ல உழைப்பாளி. ஒருத்தர் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல மட்டும் அவருக்கு வாய் வராது.

மகளுக்குப் பத்து வயது. மூன்றாம் வகுப்பில் அது அவளுக்கு மூன்றாவது வருடம். மக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் பாதி வருடம் போவாள். பிறகு சூளை. பரீட்சைக்கு ஆள் இருக்காது, மறுபடி அதே வகுப்பு. பாடப் புத்தகத்தின் முன்பாதி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. “பின்பாதியில என்ன அத்தை இருக்கு?” என்று என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்பாள். “நான் படிச்சது உன்னைவிடக் கம்மிடி” என்று துரத்திவிடுவேன். அவள் அம்மாவுக்கு அந்தக் கேள்வி முள்ளாகக் குத்தும். “இந்த ஒரு வருஷமாவது அவ புஸ்தகத்த முடிக்கணும்க்கா” என்பாள். ஒவ்வொரு வருடமும் அதைத்தான் சொன்னாள்.

சூளைக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி கெட்டிக்காரர். பானை காலியாகிற மாதம் அவருக்குத் தெரியும். வந்து நலம் விசாரித்துவிட்டு, முன்பணத்தைக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். கையெழுத்து கிடையாது, சத்தியம் கிடையாது. இருட்டுவதற்குள் அந்தப் பணம் முழுசாகத் திரும்பி வரவில்லையென்றால் சம்மதம் என்று அர்த்தம். எங்கள் தெருவில் அது ஒரு தடவைகூடத் திரும்பிப் போனதில்லை.

அங்கே விடியும் முன்பே மண் குழைத்து, அச்சில் அடித்து, வரிசையாகக் காயப் போடவேண்டும். காய்கிற பச்சைக் கல்லைத் திருப்பிப் போடுவது பிள்ளைகள் வேலை. பெரியவர்கள் கால் பட்டால் கல் உடையுமாம், சின்னக் கால் பட்டால் உடையாதாம். பெற்ற பிள்ளை எடை கூடாமல் இருப்பதும் அங்கே ஒரு தகுதி. சூளைக்காரி அதைச் சொன்ன அன்று எனக்கு வந்த கோபத்தில் ஒரு சட்டையின் கையைத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டேன்.

அந்த வருடம்தான் ஏதோ உதவித் திட்டத்து ஆட்கள் வீடு வீடாக வந்து பெயர் எழுதிக்கொண்டு போனார்கள். இரண்டு மாதம் கழித்து, இல்லாதப்பட்ட வீட்டுப் பெண்கள் கணக்கில் மாதாமாதம் பணம் விழ ஆரம்பித்தது. எதற்கு என்று கேட்டால், உங்களுக்குத்தான், எதற்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நாங்கள் பல், கொம்பு, வால் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டோம். நான் முதல் மாதமே, மூன்று வருடமாக உயிரை வாங்கிய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேன். எதிர்வீட்டுக்காரி தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். பால்காரர் எங்கள் தெருவிலும் வண்டியை நிறுத்தினார்.

சூளைக்காரி மட்டும் அதைத் தொடவில்லை. மூன்று மாதம் ஆயிற்று.

“பூஜை பண்ணவா வெச்சிருக்க?” என்று கேட்டேன்.

“முன்னாடியே குடுத்தா அது முன்பணம்தானேக்கா. எந்தச் சூளைக்குன்னு இன்னும் சொல்லல. தொட்டுட்டா போயித்தானே ஆகணும்?”

சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால் சிரிப்பு நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து அவள் கைக்கு வந்த பணம் எல்லாமே அவளை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறது. சரி, நேரிலேயே கேட்டுவிடலாம் என்று அவளை இழுத்துக்கொண்டு ஊர் அலுவலகத்துக்குப் போனேன். மாதத்தில் ஒரு நாள், அந்தத் திட்டத்துக்காரர்கள் அனுப்புகிற, கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண் அங்கே வந்து உட்காருவாள்.

“எங்க போகணும்னு சொல்லிட்டீங்கன்னா துணிமணி எடுத்து வெச்சுக்குவேங்க” என்றாள் சூளைக்காரி.

“எங்கம்மா போகணும்?”

“வேலைக்கு.”

“என்ன வேலை?”

“அதத்தாங்க கேக்கறேன்.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். “எங்கயும் போக வேண்டாம்மா. வீட்லயே இருங்க. வேலைக்குப் போனாலும் இது வரும், போகலைன்னாலும் வரும்.”

திரும்பி வரும்போது சூளைக்காரி வழியெல்லாம் யோசித்தாள். “பாவம், சின்னப் பொண்ணு. மேல இருக்கறவங்க அதுகிட்ட முழுசாச் சொல்லியிருக்க மாட்டாங்க” என்றாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பதினைந்து நாள் கழித்து மேஸ்திரி வந்தார். சூளைக்காரி கடைசி வயல் அறுப்புக்குப் போயிருந்தாள். என் ஜன்னலிலிருந்து எல்லாம் கேட்டது. அவர் நலம் விசாரித்தார், கட்டில் மேல் பணத்தை வைத்தார். “சரிங்க” என்றார் அந்தப் புண்ணியவான். மேஸ்திரி தலை மறைந்ததும் அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், வருடா வருடம் வாங்குகிறபடி ஒரு மண்வெட்டியும் மூன்று ஜோடிச் செருப்பும் வாங்கிவந்தார்.

சூளைக்காரி வந்தபோது மகளும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். புதுச் செருப்பைப் பார்த்ததும் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. புத்தகத்தைத் துணியில் சுற்றித் தகரப் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டு, தன் செருப்பைப் போட்டு அளவு பார்த்தாள். அம்மாக்காரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கட்டிலில் இருந்த மிச்சப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு என் வாசலுக்கு வந்தாள்.

“அக்கா, கொஞ்சம் கூட வாங்க. கொறையற பணத்த எடுக்கணும்.”

“தொட்டுட்டா போகணும்னு சொன்ன?”

“அந்தப் பொண்ணு சொன்னது பொய்யா இருந்தா, அது எந்தச் சூளையா இருந்தாலும் நான் மட்டும் போறேன். இவ போகக்கூடாது.”

பணம் எடுக்கிற கடையில் விரல் வைக்கவேண்டும். அவள் கட்டை விரலை வைத்தாள். மெஷின் ஏற்கவில்லை. ஏழு வருடம் மண் தேய்த்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? துடைத்து வைத்தாள், எண்ணெய் தொட்டு வைத்தாள், அடுத்த கையை வைத்தாள். வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ஒன்பது விரல் ஆகி, கடைசியில் இடது கைச் சுண்டுவிரலை வைத்தபோது மெஷின் ஒப்புக்கொண்டது. கடைக்காரரே அப்பாடா என்று மூச்சு விட்டார்.

மேஸ்திரி பஸ் நிறுத்தத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். சூளைக்காரி பணத்தை பெஞ்சில் வைத்தாள்.

“இந்த வருஷம் நாங்க வரல மேஸ்திரி.”

அவர் வானத்தைப் பார்த்தார். “இன்னும் இருட்டல. நல்லாவே பாத்துக்குங்க” என்றேன் நான்.

“இத நம்பியா வேண்டாங்கற? மாசாமாசம் வர்ற அந்தப் பணத்துல ஒரு மாசம் ஓட்ட முடியுமா?”

“ஓட்ட முடியாதுங்க. ஆனா வேண்டாம்னு சொல்ல முடியுது.”

பின்னாலேயே வந்து, வேலியோரம் நின்றிருந்த புருஷன் பக்கம் மேஸ்திரி திரும்பினார். “என்னப்பா, காலைல சரின்னியே?”

அந்த மனிதர் தலையைச் சொறிந்தார், செருப்பைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். “காலைல நீங்க சொன்னதும் சரிங்க. இப்ப இவ சொல்றது அதைவிடச் சரிங்க.”

டீக்கடையே சிரித்தது. மேஸ்திரியும் சிரித்துவிட்டார். பணத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்தப் பருவத்தை அவர்கள் இங்கேயே கழித்தார்கள். புருஷன் கொத்தனாரிடம் சித்தாளாகப் போனார். வாரத்தில் இரண்டு நாள் வேலை இருக்காது, அந்த நாளிலும் உலை கொதித்தது. சூளைப் புகையில் பிடித்திருந்த இருமல் மெல்ல மெல்ல அவளை விட்டது. எலிகளை அவள் துரத்த, அவை என் வீட்டுக்குக் குடிவந்தன. அதற்காக இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

பின்பாதி ஆரம்பித்த இரண்டாவது வாரம் டீச்சர் கூப்பிட்டனுப்பினார். போய்வந்த சூளைக்காரி முகத்தில் ஈயாடவில்லை. “அவளுக்குப் படிக்கவே தெரியாதாம்க்கா. இத்தன வருஷமா கேட்டத மனப்பாடமா ஒப்பிச்சிருக்கா. இதுக்காகவா இருந்தோம்?”

“போடி இவளே. மூணு வருஷமும் அதே பாதியக் குடுத்தா மனப்பாடந்தான் ஆகும். டீச்சர் வேற என்ன சொன்னாங்க?”

“தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் சொல்லித் தர்றாங்களாம். ஆனா வருஷம் முடியற வரைக்கும் இருப்பீங்களான்னு கேட்டாங்க. பாதியில போறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்கன்னாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“இருப்போம்னு சொன்னேன்.” சொல்லிவிட்டுத் தானே ஆச்சரியப்பட்டவள்போல் நின்றாள். அவள் வாயால் அப்படி ஒரு சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது, அவளுக்கு இல்லை.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் மகள் அவர்கள் வாசல்படியில் உட்கார்ந்து, வரிக்கு அடியில் விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். முன்பாதியைக் கடகடவென்று ஒப்பித்த அதே பெண் ஒரு சொல்லுக்கு மூன்று தடவை திக்கினாள். நடுவில் நின்று, இன்னும் சீக்கிரம் படிக்கவேண்டுமோ என்று பயந்து அம்மாவைப் பார்த்தாள்.

சூளைக்காரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“நிதானமாப் படி. நாம எங்கயும் கிளம்பல.”

மகள் விட்ட எழுத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.